தாயெனும் பட்டமும் தாயின் உரிமையும்

இந்தியப் பண்பாட்டின் பெருமை பேச எழுவோர் எப்பொருளிலே தொடங்கினும் தாய்மையிலே வந்து முடிப்பது வழக்கமாகிவிட்டது. நாடு தாய், நதி தாய், பசு தாய், பேசும் மொழியும் தாய். பங்கிம் சந்திரர் 1882இல் வெளியிட்ட ‘ஆனந்த மடம்’ நாட்டை அன்னையாக்கி வழிபட்டது. 1905இல் அவனீந்திரநாத் தாகூர் அவ்வன்னைக்கு ஓவியத்தில் உருக்கொடுத்தார். காவியுடுத்து, நான்கு கரங்களிலே நெற்கதிரும் ஏடும் வெண்டுகிலும் செபமாலையும் ஏந்திய துறவுக்கோலத்தினள் அவள். உணவூட்டவும் உடையளிக்கவும் கல்வி தரவும் அவளுக்குக் கைகள் உண்டு. தனக்கென எதனையும் பற்றிக்கொள்ள ஒரு கைதானும் இல்லை. 1957இல் வெளிவந்த மெகபூப் கானின் ‘மதர் இந்தியா’ திரைப்படம் இதே அன்னையை ஒரு கிராமத்து உழவுப் பெண்ணாக்கியது. ஊரின் மானத்தைக் காக்கும் பொருட்டுத் தான் பெற்ற மகனையே சுட்டு வீழ்த்துமிடத்தில் அவளுடைய தாய்மை உச்சநிலையை எய்துவதாகப் படம் காட்டிற்று. தாயன்பையும் பலியிட வல்லவளே தாயருள் தலைசிறந்தவள் என்ற இந்த விசித்திரமான தருக்கத்தைக் கண்டு திகைத்தவர் மிகச் சிலரே.

இத்துணைப் புகழ்ச்சிக்கு நடுவே பெரிதும் கேட்கப்படாத வினா ஒன்றுண்டு. போற்றப்படுவது தாயாகிய பெண்ணா, அன்றி ஒரு குலத்துக்கு அவள் ஆற்றிக் கொடுக்கும் பணியா? இரண்டும் ஒன்றே என்று மரபின் காவலர் விடையிறுப்பர். ஒன்றாயின், தாய் எனப்படுபவள் எந்தச் சூழலிலும் தாயாகவே மதிக்கப்பட்டிருத்தல் வேண்டும். மகனைப் பெற்றவளும் மகளைப் பெற்றவளும், மணத்தினுள் பெற்றவளும் மணத்துக்குப் புறம்பே பெற்றவளும், கணவனோடு வாழ்பவளும் கணவனை இழந்து மறுமணம் புரிந்தவளும் தாய் என்ற அளவில் ஒரே நிலையில் வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். நடந்தது அதுவன்று. ஒரு சமூகம் எவரை மெய்யாகவே மதிக்கிறது என்பதை அதன் வாழ்த்துப் பாக்களிலே தேடுவதிலும் அதன் சொத்துச் சட்டத்திலே தேடுவது பயனுடைத்து. பாடலுக்குச் செலவில்லை, சொத்துக்குச் செலவுண்டு.

சுதந்திர இந்தியாவில் 1956ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். பெண்களுக்குச் சொத்துரிமை வழங்கிய முற்போக்கான சட்டம் என அது பாராட்டப்பட்டது. அப்பாராட்டு முற்றிலும் பொய்யன்று. உயில் எழுதாது இறந்த ஆணின் சொத்துக்கு அவனுடைய மனைவி, பிள்ளைகள் ஆகியோருடன் அவனுடைய தாயும் முதல் வகுப்பு வாரிசாக வைக்கப்பட்டாள். தந்தைக்குக்கூட அவ்விடம் கிடைக்கவில்லை. அவன் இரண்டாம் வகுப்பிலேயே நின்றான். தாய்மையின் உயர்வுக்கு இதனினும் சான்று வேண்டுமோ என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதே சட்டத்தின் பதினைந்தாம் பிரிவைப் புரட்டிப் பார்ப்பவர் வேறொரு தாயைக் காண்பர். உயில் எழுதாது இறந்தவள் மகளாக இருப்பின், அவள் தன் உழைப்பால் ஈட்டிய பொருள் முதற்கண் அவளுடைய பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் செல்லும். அவர்கள் இல்லாதவிடத்து, கணவனின் வாரிசுகளுக்குச் செல்லும். கணவனின் உறவிலே எவரும் எஞ்சாதபோதுதான் அவளைப் பெற்ற தாயும் தந்தையும் நினைக்கப்படுவர். மகன் இறந்தால் முன்வரிசையில் அமர்த்தப்படும் அதே பெண், மகள் இறந்தால் மருமகனின் தமையன் தம்பியருக்கும் அவர்தம் மக்களுக்கும் பின்னால் போய் நிற்கவேண்டும்.

இது ஏட்டளவில் நின்ற விந்தையன்று. 2009இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1955இல் மணமுடித்த சிறுமியொருத்தி மூன்று மாதங்களுக்குள் கணவனை இழந்தாள். கணவன் வீட்டார் அவளை விரட்டிவிட்டனர். பிறந்தகத்தார் அவளை ஏற்றுப் படிக்க வைத்தனர். அவள் வேலைக்குச் சென்றாள். நாற்பதாண்டுகள் தனித்து வாழ்ந்து, வங்கிக் கணக்குகளிலும் சேமலாப நிதியிலும் பணம் விட்டு, 1996இல் உயிலின்றி இறந்தாள். அப்பணத்தைக் கோரி அவளுடைய தாய் நீதிமன்றத்தை நாடினாள். கணவனுடைய சகோதரியின் மைந்தரும் நாடினர். அவளை அவர்கள் ஒருநாளேனும் பேணவில்லை என்பது நீதிமன்றத்துக்குத் தெரிந்தே இருந்தது. எனினும் இரக்கம் சட்டத்தின் பொருளை மாற்றாது எனக் கூறிய நீதிமன்றம், மூன்று மாத மணவாழ்வின் பேரால் கணவனின் உறவினருக்கே பணத்தை வழங்கிற்று. பெற்றவளும் அவளே, விரட்டப்பட்ட மகளை மீண்டும் ஏற்றவளும் அவளே. இருந்தும் தாய்மை அவளுக்கு ஒரு செப்புக் காசும் ஈட்டித் தரவில்லை. அவள் பெற்றது மகளையல்லவா.

இச்சட்டத்தில் இன்னுமொரு நுட்பம் உளது. பிள்ளைகளற்ற பெண் தன் பெற்றோரிடமிருந்து பெற்ற சொத்து மட்டும் கணவன் வீட்டுக்குச் செல்லாது, பிறந்தகத்துக்கே திரும்பும். நியாயந்தானே என்று அமைதியடைவோர் அப்பிரிவின் சொற்களை ஊன்றிப் படித்தல் நலம். தாயிடமிருந்து மகளுக்கு வந்த சொத்தாயினும் அது திரும்பிச் செல்வது ‘தந்தையின் வாரிசு’களுக்கே. தாயின் நகையும் தாயின் காணியும் தாய்வழி அறியாது தந்தைவழியே நடந்து போகின்றன. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்திலே மகனுக்குச் சமமான பிறப்புரிமையை அளித்த பெருந்திருத்தம்; ஆயினும் அது இப்பதினைந்தாம் பிரிவைத் தொடவில்லை. 2008இல் சட்ட ஆணைக்குழு இதனைத் திருத்தும்படி தனி அறிக்கையே எழுதியது. அவ்வறிக்கை அறிக்கையாகவே இருந்துவிட்டது.

சொத்தை விடுத்துப் பிள்ளையை நோக்கினால் நிலைமை மேலும் தெளிவாகும். பத்து மாதம் சுமந்தவள் என்ற தொடரைக் கூறாத மேடையில்லை. ஆனால் 1956ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட இந்துப் பாதுகாவலர் சட்டத்தின் ஆறாம் பிரிவு, பராயமடையாத பிள்ளையின் இயல்பான பாதுகாவலர் தந்தை எனவும், அவனுக்குப் ‘பின்’ தாய் எனவும் வகுத்தது. ஐந்து வயது நிரம்பும்வரை பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாம் என்று சலுகையும் தந்தது. பாலூட்டவும் கழுவித் துடைக்கவும் இரவில் விழித்திருக்கவும் வேண்டிய காலம் அதுவாதலின் இச்சலுகையின் உள்நோக்கத்தை விளக்கவேண்டுவதில்லை. இதே பிரிவின் அடுத்த வரிதான் சட்டமியற்றியோரின் மனத்தைத் தன்னையறியாமலே திறந்துகாட்டுவது. மணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளைக்கு முதற் பாதுகாவலர் தாய். அவளுக்குப் பின்னரே தந்தை. ஆகவே இந்தியச் சட்டம் தாய்க்கு முதலிடம் கொடுக்கத் தெரியாததன்று. அவமானம் என்று சமூகம் கருதுவதைச் சுமக்கவேண்டிய இடத்தில் அது தாயை முன்னே நிறுத்திற்று. குலப்பெருமை பங்கிடப்படும் இடத்தில் பின்னே தள்ளிற்று.

எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984இல் தம் மகனின் பெயரில் ரிசர்வ் வங்கியின் முறிகளை வாங்க விண்ணப்பித்தபோது, பாதுகாவலர் என்ற இடத்தில் தாயின் கையொப்பம் ஏற்கப்படவில்லை. கணவர் மனமொப்பியே மனைவி கையொப்பமிட்டிருந்தார்; அவ்வொப்புதலும் எடுபடவில்லை. வழக்கு 1999இல் முடிந்தது. ‘தந்தைக்குப் பின்’ என்பதைத் தந்தையின் இறப்புக்குப் பின் என மட்டும் கொள்ளவேண்டுவதில்லை, தந்தை பொறுப்பேற்காது விலகியிருக்கும்போதும் தாய் பாதுகாவலராகலாம் என்று உச்ச நீதிமன்றம் பொருள்விரித்தது. பலராலும் கொண்டாடப்பட்ட இத்தீர்ப்பைச் சற்று நிதானமாக நோக்குதல் தகும். தந்தை அருகிலிருந்து தன் கடமையைச் செய்துகொண்டிருந்தால் தாயின் நிலை என்ன? பழைய நிலைதான். இருவரும் ஒருங்கே சமமான பாதுகாவலர் என்று கூற நீதிமன்றம் முன்வரவில்லை. தந்தை இல்லாத வெற்றிடத்தை நிரப்புபவளாகவே தாய் அத்தீர்ப்பிலும் தோற்றமளித்தாள். இதே கீதா ஹரிஹரன் 1992இல் எழுதிய முதல் நாவல் மூன்று தலைமுறைப் பெண்களின் வாழ்வைப் புராணப் பெண்களின் கதைகளோடு பிணைத்துப் பேசியது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. புராணத்துக்கும் வங்கிப் படிவத்துக்கும் இடையிலான தூரம் பலர் எண்ணுவதிலும் குறைவு.

மகாபாரதத்துக் குந்தியின் கதை தெரியாதார் இலர். மணத்துக்கு முன் சூரியனால் பெற்ற கர்ணனைப் பேழையிலிட்டு ஆற்றில் விட்டாள். மணத்துக்குப் பின் தருமனையும் வீமனையும் அருச்சுனனையும் வேறு தேவர்களால் பெற்றாள். நால்வருள் ஒருவனும் பாண்டுவின் உதிரத்துக்குப் பிறந்தவனல்லன். நால்வரும் ஒரே மந்திரத்தின் பேறு; ஒரே வயிற்றின் பேறு. மூவர் பாண்டவராயினர், ஒருவன் தேரோட்டி மகனானான். வேறுபாடு யாது? பின்னைய மூவரின் பிறப்புக்குக் கணவனின் அனுமதி இருந்தது. கற்பு என்றும் குலத்தூய்மை என்றும் பிற்காலத்தார் எத்துணை விளக்கம் கூறினும் கதையின் அமைப்பு அவ்விளக்கங்களுக்கு இடந்தரவில்லை. தாய்மை எது, பழி எது என்று தீர்மானித்தது கணவனின் இசைவே. போரில் மடிந்த கர்ணனுக்கு நீர்க்கடன் செய்யுமாறு கேட்கும் வேளையில்தான் குந்தி அவனைத் தன் மகனென்று மற்றை மைந்தரிடம் வெளிப்படுத்துகிறாள். இக்கதையைத் தாய்ப்பாசத்தின் சோகமாக மட்டும் மேடையேற்றி அழுவதிலே தமிழ்க் கூத்தும் திரைப்படமும் காட்டிய ஆர்வத்தில் ஒரு பங்கேனும் அச்சோகத்தை விளைவித்த விதியை விசாரிப்பதிலே காட்டப்படவில்லை.

மகனுக்காகவே தாய்மை என்ற விதியைக் கிரியைகளும் மறைக்கவில்லை. கருவுற்ற பெண்ணுக்குச் செய்யும் பும்சவனம் என்ற சடங்கின் பெயரே ஆண்மகவை வேண்டுவது. ‘புத்’ என்னும் நரகத்தினின்று காப்பவன் புத்திரன் என்று சொல்லுக்கே பொருள் கற்பித்தனர். மனுதர்ம நூல் தாயைத் தந்தையினும் பன்மடங்கு உயர்த்திப் பேசுகிறது. பெண்ணை வாழ்நாள் முழுவதும் தந்தை, கணவன், மகன் என்ற மூவரின் காவலில் வைப்பதும் அதே நூலே. இவ்விரண்டையும் முரண்பாடு என்று கருதுவோர் உளர். முரண்பாடன்று, ஒரே ஏற்பாட்டின் இரு பக்கங்கள். உயர்த்தப்பட்டவள் தன் மகனின் காவலிலேயே இருக்கும்வரை அவளை எத்துணை உயர்த்தினும் இழப்பில்லை. மலடி என்ற சொல்லுக்கு நேரான ஆண்பாற் சொல் வழக்கில் அருகியமையும், பிள்ளையற்றவள் வளைகாப்பு வீட்டிலும் மணவீட்டிலும் ஒதுங்கி நிற்கவேண்டியிருந்தமையும் இவ்வேற்பாட்டின் விளைவுகளே.

பழஞ்சடங்கு செய்ய முயன்றதை இருபதாம் நூற்றாண்டின் கருவி செய்து முடித்தது. கருவின் பாலை அறியும் சோதனையைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது. 2003இல் அது மேலும் இறுக்கப்பட்டது. ஆயினும் ஆறு வயதுக்குட்பட்டோருள் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இருந்த பெண் குழந்தைகளின் தொகை, 1991ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 945, 2001இல் 927, 2011இல் 920க்கும் கீழ். 2001இல் பஞ்சாபில் அத்தொகை 798, அரியானாவில் 819. இவை இந்தியாவின் மிக வறிய மாநிலங்களல்ல. பசுமைப் புரட்சியால் செழித்தவை. வறுமையே காரணம் என்று கூறித் தப்ப முயல்வோர் இவ்விரு எண்களுக்கும் விடை கூறவேண்டும். தாயை வணங்கும் நாட்டிலே தாயாகக்கூடியவள் பிறவாமலே தடுக்கப்பட்டாள். அதற்கான சோதனைக்கு அவளைச் சுமந்தவளே அழைத்துச் செல்லப்பட்டாள். பல இடங்களில் அழைத்துச் சென்றவளும் மற்றொரு தாய், கணவனைப் பெற்ற தாய்.

மாமியார் இங்கே நுழைவதால் மரபின் காவலர் கூறும் வலுவான வாதத்தையும் இவ்விடத்திலேயே எதிர்கொள்ளுதல் தகும். இந்தியக் குடும்பத்தில் பெண் அடிமையல்லள், மூத்த தாயே வீட்டின் அரசி, சாவிக்கொத்து அவள் இடுப்பிலேதான் தொங்குகிறது என்பர். இதில் உண்மை உண்டு. உளவியலறிஞர் சுதிர் காக்கர் 1978இல் வெளியிட்ட நூலில், புகுந்த வீட்டில் அந்நியளாக நுழையும் இளம்பெண் கருவுறும்போதே, அதிலும் மகனைப் பெறும்போதே, அவ்வீட்டில் ஓரிடம் பெறுகிறாள் என்று விளக்கினார். ஐராவதி கார்வே 1953இல் இந்திய உறவுமுறைகளை ஆராய்ந்தபோது வடநாட்டு மணப்பெண் முன்பின் அறியாதார் ஊருக்குச் செல்வதையும், தென்னாட்டவள் பெரும்பாலும் மாமன், அத்தை என அறிந்த வீட்டுக்கே செல்வதையும் வேறுபடுத்திக் காட்டினார். அரசியின் ஆட்சி உண்மையே. ஆனால் அவ்வாட்சி எங்கிருந்து வருகிறது? மகனிடமிருந்து வருகிறது. எப்போது வருகிறது? இளமை கழிந்தபின் வருகிறது. எவர்மீது செல்லுகிறது? மற்றொரு வீட்டின் மகள்மீது செல்லுகிறது. தான் பட்டதற்கு ஈடாக இன்னொருத்தியைப் படவைக்கும் உரிமையை அரசுரிமை என்பது வேடிக்கையாகும். அந்த மகனே பிரிந்து சென்றால், அல்லது மருமகளின் சொல்லுக்குச் செவிசாய்த்தால், அரசியின் முடி மறுநாளே கழன்றுவிடும். மாமியார் மருமகள் பூசல் பெண்களின் பிறவிக்குணம் என்று நகையாடும் ஆண்கள், ஒரே ஆணைப் பற்றியன்றி அவ்விருவருக்கும் ஊன்றிக்கொள்ள வேறு கோல் வைக்கப்படவில்லை என்பதை மறந்துவிடுகின்றனர்.

தந்தைவழிக் குடும்பமே இயற்கையானது, ஆதலின் இவையெல்லாம் தவிர்க்கவொண்ணாதவை என்ற வாதமும் நிலைக்காது. இந்தியாவிலேயே கேரளத்து நாயர் தரவாடுகளில் வழியுரிமை தாய்வழியே சென்றது. காசிய மக்களிடையே இளைய மகளே மூதாதையர் வீட்டைப் பெறுகிறாள். கேரளத்தின் கூட்டுக் குடும்ப முறை 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. தரவாட்டின் ஆட்சி காரணவன் எனப்பட்ட தாய்மாமனின் கையிலே இருந்தமையால் அதனைப் பெண்ணாட்சி என்று மயங்குதல் தவறு. எனினும் மகளைப் பெற்றவள் அங்கே தலைகுனிய நேரவில்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் தாயின் சீதனம் பெண்மக்களுக்கே சென்றமையை ஈழத்தார் பெருமையுடன் குறிப்பிடுவதுண்டு; அச்சீதனக் காணியை விற்க மணமான பெண்ணுக்குக் கணவனின் சம்மதம் வேண்டியிருந்ததையும் சேர்த்துக் குறிப்பிடுவது நேர்மையாகும்.

பெண்ணின் அடையாளம் தாய்மையில் கரைந்துபோதலைப் பெண்ணொருத்தியே பதிவுசெய்த மிகப் பழைய சான்று வங்காளத்தில் உளது. ராசசுந்தரி தேவி 1809ஆம் ஆண்டளவில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் மணமாயிற்று. பதினெட்டு வயது தொடங்கிப் பன்னிரு பிள்ளைகளைப் பெற்றார். படித்த பெண் விதவையாவாள் என்ற நம்பிக்கை நிலவிய காலம். இருபத்தைந்து வயதளவில், சைதன்ய பாகவதத்தின் ஓரேட்டைக் கழற்றிச் சமையலறையில் ஒளித்துவைத்து, மூத்த மகன் எழுதிப் பழகிய ஓலையோடு எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டுத் தாமே வாசிக்கக் கற்றார். மகனுக்கு ஆசிரியர் உண்டு. தாய்க்கு மகன் எறிந்த ஓலை உண்டு. 1876இல் வெளிவந்த அவருடைய ‘அமார் ஜீபன்’ வங்கமொழியின் முதல் தன்வரலாறு எனப்படும். பிள்ளைகளுக்கும் பெருங்குடும்பத்துக்கும் உழைத்ததில் சில நாள்கள் உண்ணவும் வாய்க்காமற் போனதை அதில் எழுதினார். மரணப்படுக்கையிலிருந்த தம் தாயைக் காணச் செல்ல விடப்படாமையையும், தாம் மகனாகப் பிறந்திருப்பின் எங்கிருந்தாயினும் ஓடிச் சென்றிருக்கலாம் என்று எண்ணி ஏங்கியதையும் எழுதினார். இவ்விடத்தைப் படித்துவிட்டுத் தாய்மை பெண்ணுக்கு மகுடம் என்று பேசுவதற்குத் தனித் துணிவு வேண்டும். பன்னிருவருக்குத் தாயானவள் தன் தாய்க்கு மகளாக இருக்க ஒரு நாள் பெறவில்லை.

பெயரின் நிலையும் அவ்வாறே. மராட்டியத்தின் சில சமூகங்களில் மணநாளிலே பெண்ணின் சொந்தப் பெயரும் மாற்றப்படும். தந்தைவழிக் கோத்திரம் எங்கும் மாறும். பின்னர் பிள்ளை பிறந்ததும் ‘முன்னாவின் அம்மா’ என்று அழைக்கப்படுவாள். மகள், மருமகள், இன்னானின் தாய் என மூன்று பெயர்களால் அழைக்கப்பட்டு, நான்காவதான தன் பெயர் எவர் நாவிலும் வாராமலே முதுமை அடைந்த பெண்கள் எண்ணிலடங்கார்.

இதற்கு மறுதலையாக, தாய்மையையே துறத்தல் விடுதலை என்ற கருத்தும் இந்நூற்றாண்டுக்கு முன்பே எழுந்தது. ‘குடி அரசு’ ஏட்டில் பெரியார் எழுதிய கட்டுரைகள் பிள்ளைப்பேறே பெண்ணைப் பிணைக்கும் தளை என அச்சமின்றி அறைந்தன. கருத்தடையைப் பிறர் நாட்டின் வறுமைக்கு மருந்தாகப் பேசிய வேளையில் அவர் பெண்ணின் விடுதலைக்குக் கருவியாகப் பேசினார். அத்துணிவு இன்றும் வியக்கத்தக்கது. ஆயினும் பிள்ளையை விரும்பிப் பெற்று, விரும்பி வளர்க்கும் பெண்ணுக்கு அவ்வாதத்தில் இடம் சுருங்கியது. அமெரிக்கக் கவிஞர் ஏட்ரியன் ரிச் 1976இல் வகுத்துக் காட்டிய வேறுபாடு இங்கே பயன்படும்: தாய்மை என்னும் அனுபவம் வேறு, தாய்மை என்னும் நிறுவனம் வேறு. முன்னதைப் பெண் ஏற்கலாம், மறுக்கலாம். பின்னதை அவள் ஆக்கவில்லை. அதனை ஆண்டு வந்தவரும் அவளல்லள்.

பெற்றுத் தரும் கடமை போலவே பெறாதிருக்கும் கடமையும் அவள்மீதே விழுந்தமை பெரிதும் கவனிக்கப்படவில்லை. அவசரகால நிலையின்போது, 1976-77ஆம் ஆண்டில் மட்டும், 80 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் ஆண்கள், பலர் வலிந்து இழுத்துச் செல்லப்பட்டோர். 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்திரா காந்தியின் ஆட்சி வீழ்ந்ததற்கு அச்சினமும் ஒரு காரணமாயிற்று. அதன்பின் எந்த அரசும் ஆண்களின் உடலைத் தொடத் துணியவில்லை; திட்டம் பெண்களிடம் திரும்பியது. 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களுள் நூற்றுக்கு 37.9 பேர் தாமே சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்கள் நூற்றுக்கு 0.3. 2014 நவம்பரில் சத்தீசுகர் மாநிலத்தின் பிலாசுப்பூர் மாவட்டத்தில், ஒரே நாளில் ஒரே முகாமில் 83 பெண்களுக்கு இச்சிகிச்சை செய்யப்பட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் பிள்ளைகளை வீட்டில் விட்டு வந்த தாய்மார். அவர்களுக்காக எந்த ஆட்சியும் விழவில்லை.

இல்லத்தின் அன்றாட வேலையிலும் கணக்கு மாறவில்லை. 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களை அதிற் செலவிட்டமையும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களையே செலவிட்டமையும் தெரியவந்தன. அன்னபூரணி என்ற பட்டத்தைச் சுமந்தவளின் குருதியை அளந்தபோது, 15 முதல் 49 வயதுவரையான பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தச்சோகை உடையவர்களாயிருந்தனர். அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பது தாய்மையின் அழகு என்று போற்றிய இலக்கியம் அனைத்தையும் இவ்வோர் எண்ணோடு வைத்துப் படிக்கவேண்டும். வயலிலும் கட்டட வேலையிலும் கூலிக்கு உழைக்கும் தாயை இப்புகழ்ச்சி எட்டியும் பார்த்ததில்லை. மகப்பேற்று நன்மைகள் பற்றிய 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊதிய விடுமுறை 2017இல் 26 வாரங்களாக உயர்த்தப்பட்டபோதும், நிறுவனம் சாராத பெருந்தொகைப் பெண்கள் அதன் வேலிக்கு வெளியிலேயே நின்றனர்.

சட்டத்தின் பக்கம் இறுதியாக ஒருமுறை திரும்பலாம். ஈசுவர சந்திர வித்தியாசாகரின் அரும்பெரும் முயற்சியால் 1856இல் வந்த விதவை மறுமணச் சட்டம் மறுமணத்தை அனுமதித்தது. ஆனால் மறுமணம் புரிந்தவள் முதற் கணவனின் சொத்தை இழந்தாள். முதற் கணவனின் உறவினர் அவளுடைய பிள்ளைகளுக்கு வேறு பாதுகாவலரை நியமிக்கக் கோரி நீதிமன்றம் செல்லவும் அச்சட்டமே வழிசெய்தது. மனைவியாகும் உரிமையை மீண்டும் பெற்றவள் தாயாக இருக்கும் உரிமையைப் பணயம் வைக்கவேண்டியிருந்தது. 166 ஆண்டுகளுக்குப் பின், 2022இல், உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கும் ஒரு விதவையின் மறுமணத்தைப் பற்றியதே. கைக்குழந்தையோடு கணவனை இழந்த பெண் மறுமணம் செய்து, பிள்ளைக்குப் புதிய குடும்பத்தின் பெயரைச் சூட்டினாள். முதற் கணவனின் பெற்றோர் வழக்குத் தொடர்ந்தனர். பிள்ளையின் ஆவணங்களில் இறந்த தந்தையின் குடும்பப் பெயரையே மீட்கும்படியும், இரண்டாம் கணவரை மாற்றாந்தந்தை என்றே குறிக்கும்படியும் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அக்கட்டளையை நீக்கி, தந்தை இறந்தபின் ஒரே இயல்பான பாதுகாவலரான தாய்க்குத் தன் பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை உண்டு என்றது. தந்தை இருக்கும்போதும் தாய் சமமான பாதுகாவலராக இருத்தல் வேண்டும் என்று சட்ட ஆணைக்குழு 1989இல் ஒருமுறையும் 2015இல் மறுமுறையும் பரிந்துரைத்தது. இரு பரிந்துரைகளுக்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்தது. ஆறாம் பிரிவில் ‘பின்’ என்ற அச்சொல் 2022இலும் எழுதப்பட்டவாறே இருந்தது.